மண் மூடும் முன்னால் ஒரு போட்டோ

கேள்வி: கோவை வடவள்ளியில் புது வீட்டுக்குக் குடிவந்திருக்கிறோம். வீட்டைச் சுற்றி உள்ள காலியிடத்தில் 400 சதுர அடிக்குக் கொரியன் புல், கார் நிறுத்த பேவர் பிளாக், ஒரு மாமரம் என்று ஒருவரிடம் மொத்தமாக கான்ட்ராக்ட் பேசியிருக்கிறோம். எழுபது சதவீதம் முன்பணம் கேட்கிறார். நானும் கணவரும் வேலைக்குப் போய்விடுவோம். பகலில் மாமியார் மட்டும்தான் இருப்பார். எப்படி மேற்பார்வை பார்ப்பது?

பதில்: நாள் முழுக்க நாற்காலி போட்டு உட்கார வேண்டியதில்லை. தோட்ட வேலையில் ஏமாற்றமெல்லாம் மண்ணுக்கடியில்தான் நடக்கும். மூடப்போகிற நேரத்தில் மட்டும் நீங்களோ கணவரோ அங்கே இருந்தால் போதும். "மூடுவதற்கு முந்தின நாள் சொல்லிவிடுங்கள்" என்பதை முதலிலேயே பேசி, எழுதியும் வாங்கிவிடுங்கள்.

முதலில் பணம். எழுபது சதவீதம் கொடுத்துவிட்டால் அதற்குப் பிறகு உங்கள் போனை எடுக்க அவருக்கு அவசரமே இருக்காது. முன்பணமாக இருபது, இருபத்தைந்து போதும். தண்ணீர்க் குழாயும் மண்ணும் முடிந்ததும் ஒரு பகுதி, பேவர் முடிந்ததும் ஒரு பகுதி. கடைசிப் பத்து சதவீதத்தைப் புல் வேர்பிடித்து, ஒரு நல்ல மழையும் பார்த்த பிறகு கொடுங்கள். இதற்கு ஒப்புக்கொள்ளாதவரை நான் வேலைக்கு வைக்க மாட்டேன்.

அடுத்தது மண். செம்மண்ணை யூனிட் கணக்கில் விற்பார்கள். ஒரு யூனிட் 100 கன அடி. உங்கள் 400 சதுர அடிக்கு அரையடி உயரம் போட்டால் 200 கன அடி, அதாவது இரண்டு யூனிட். தண்ணீர் விட்டதும் மண் அமுங்கும் என்பதால் இரண்டரை வாங்கலாம். வண்டி வந்ததும் கொட்ட விடாமல் டேப்பை எடுத்து, மண் நிற்கும் நீளம், அகலம், உயரத்தை அளந்து பெருக்குங்கள். 10 அடி, 6 அடி, இரண்டரை அடி என்றால் 150 கன அடி, ஒன்றரை யூனிட்தான். பில்லில் இரண்டு என்று இருக்கும்! டிரைவர் கொஞ்சம் முறைப்பார், பரவாயில்லை. இந்த வேலையை உங்கள் மாமியாரே செய்யலாம். பெரியவர்கள் அளந்தால் யாரும் எதிர்த்துப் பேச மாட்டார்கள்.

மண் நிரப்பும்போது இரண்டு இடங்களைப் பாருங்கள். வீட்டுச் சுவரை ஒட்டி பேஸ்மென்ட் (சுவர் எழும்புகிற அடித்தளம்) மட்டத்துக்கு மேலே மண் ஏறக் கூடாது. ஏறினால் உள்சுவரில் ஓதம் அடிக்கும். சம்ப் மூடியைவிட மண் தாழ்ந்தே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் முதல் மழையிலேயே சேற்றுத்தண்ணீர் குடிதண்ணீரில் கலந்துவிடும்.

குழாய் பதித்ததும் வாயை அடைத்து, தண்ணீர் விட்டு, ஒரு ராத்திரி அப்படியே வைக்கச் சொல்லுங்கள். காலையில் இணைப்புகளில் ஈரம் இல்லையென்றால், பக்கத்தில் டேப்பை விரித்து வைத்து, சுவரிலிருந்து எத்தனை அடி என்று தெரிகிற மாதிரி போட்டோ எடுத்துக்கொண்டு மூடச் சொல்லுங்கள். என் வீட்டிலேயே இதைச் செய்யாமல் விட்டேன். ஆறு மாதம் கழித்துக் கொய்யாவுக்குக் குழி எடுத்தபோது கடப்பாரை நேராகக் குழாயில் இறங்கியது. ஊருக்கெல்லாம் ஆலோசனை சொல்கிறவன் வீட்டு லட்சணம் அது.

பேவரில் எல்லோரும் கலரைத்தான் பார்க்கிறார்கள். கார் ஏறுகிற இடத்துக்குக் கல்லின் கனம் 60 மி.மீ.க்குக் குறையக் கூடாது. 80 என்றால் நிம்மதி. அதைவிட முக்கியம் அடித்தளம். ஜல்லி பரப்பி, மெஷின் வைத்து இடித்து இறுக்கியிருக்கிறார்களா என்று பாருங்கள். வெறும் மண்மேல் எம்-சாண்ட் தூவிக் கல் அடுக்கினால் டயர் போகிற தடம் ஒரே வருஷத்தில் பள்ளமாகும். வீட்டிலிருந்து வெளிப்பக்கமாக 10 அடிக்கு ஒன்றரை அங்குலம் வாட்டம் வேண்டும். முடித்த அன்றே ஒரு பக்கெட் தண்ணீரைக் கொட்டிப் பாருங்கள். தேங்கினால் அங்கேயே பிரித்துப் போடச் சொல்லுங்கள்.

மாங்கன்றுக்கு மூன்றடிக்கு மூன்றடி, மூன்றடி ஆழம். பாலிதீன் பையோடு நட்டுவிட்டுப் போகிறவர்களும் உண்டு, கவனம். ஒட்டுக்கட்டிய இடம் மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும்.

புல்லுக்கு மட்டும் அவசரப்படாதீர்கள். வெளியிலிருந்து வந்த செம்மண்ணில் கோரைக்கிழங்கு இல்லாமல் இருப்பது அபூர்வம். சமன் செய்த மண்ணுக்குப் பதினைந்து நாள் தண்ணீர் மட்டும் விடுங்கள். கோரை முளைத்ததும் கிழங்கோடு பிடுங்கச் சொல்லி, அதற்குப் பிறகு புல் பதியுங்கள். "நாளைக்கே முடித்துவிடலாம் மேடம்" என்பார். அவருக்கு அடுத்த சைட் காத்திருக்கும். புல்லுக்கு நடுவில் கோரை வந்துவிட்டால் உட்கார்ந்து பிடுங்கப்போவது நீங்கள்.

இன்னொன்று: மாற்றம் எதுவானாலும் மேஸ்திரியிடம் மட்டும் சொல்லுங்கள், அதையே அவருக்கு வாட்ஸ்அப்பிலும் போட்டுவிடுங்கள். நீங்கள் சித்தாளிடம் ஒன்று, மாமியார் இன்னொருவரிடம் வேறொன்று என்று சொன்னால், கடைசியில் "நீங்கதானே மேடம் சொன்னீங்க" என்று எக்ஸ்ட்ரா பில் வரும்.