மாங்காய் நறுக்கிய பேனாக்கத்தி

கேள்வி: ஜப்பானிலிருந்து அண்ணன் ஹிகோனோகாமி என்ற மடக்குக் கத்தி வாங்கி வந்தார். மாங்காய் நறுக்கினேன். மறுநாளே அலகு கறுத்துவிட்டது. பாத்திரம் தேய்க்கும் நாரால் தேய்க்கலாமா?
- ஒரு வாசகி, திண்டுக்கல்

தயவுசெய்து தேய்க்காதீர்கள். அது கெட்டுப்போகவில்லை. இந்தக் கத்திகளில் பெரும்பாலும் கார்பன் எஃகுதான், எவர்சில்வர் இல்லை. மாங்காய்ப் புளிப்பு பட்டதும் மேலே மெல்லிய கருநீலப் படலம் உண்டாகும். அந்தப் படலம் இருந்தால் செந்துரு சீக்கிரம் ஏறாது.

என்னிடம் பதினொரு ஹிகோனோகாமிகள் இருக்கின்றன. கோபேயில் வேலை பார்த்தபோது வாங்கிய முதல் கத்திதான் அதில் அதிகம் கறுத்தது. அதன் முனையில் மயில்கழுத்து நிறத்தில் ஒரு திட்டு இருக்கிறது, ஆப்பிள் நறுக்கி வந்தது. எனக்கு ரொம்பப் பிடித்தது அதுதான்.

கவலைப்பட வேண்டியது செம்பழுப்புப் புள்ளிகளுக்கு. நறுக்கியதும் கழுவி, ஈரம் போகத் துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் தடவுங்கள். தேங்காய் எண்ணெய் நாளானால் பிசுபிசுக்கும். தையல் மிஷின் எண்ணெய் நல்லது. ஆனால் பழம் நறுக்கும் முன் துடைத்துவிடுங்கள்.

கேள்வி: பூட்டு இல்லை, ஸ்பிரிங் இல்லை. மடித்த பித்தளைத் தகடுதான் பிடி. இதற்கு ஏன் இத்தனை மதிப்பு?
- ஒரு வாசகர், கோவை

அந்த எளிமைக்காகத்தான். உறுப்புகள் நான்கே: அலகு, தகடு, ரிவிட், வாஷர். அலகின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் சின்ன வாலுக்குச் சிகிரி என்று பெயர். கட்டைவிரலால் அதை அழுத்தினால் கத்தி திறக்கும். வெட்டும்போதும் விரல் அதன் மேலேயே இருப்பதால் அலகு மடங்காது. பூட்டு வேலையை உங்கள் கையே செய்கிறது.

இது பிறந்த ஊர் ஹியோகோ மாகாணத்தின் மிக்கி, கோபேக்குப் பக்கம். ரம்பம், உளி, கொத்துக்கரண்டி என்று கருவி செய்தே வாழும் ஊர். 1890களில் இந்தக் கத்தி அங்கே உருவானது. பெயரில் உள்ள ஹிகோ என்பது இன்றைய குமாமோட்டோ மாகாணத்தின் பழைய பெயர். ஹிகோனோகாமி என்றால் ஹிகோவின் ஆளுநர். பள்ளிப் பிள்ளைகள் பென்சில் சீவவும் மூங்கில் பொம்மை செய்யவும் இதைத்தான் பையில் வைத்திருந்தார்கள். 1960இல் சோஷலிஸ்ட் தலைவர் அசனுமாவைப் பதினேழு வயதுப் பையன் மேடையில் குத்திக் கொன்றான். அவன் கையிலிருந்தது குறுவாள், பேனாக்கத்தி இல்லை. ஆனாலும் பிள்ளைகள் கையில் கத்தியே கூடாது என்ற இயக்கம் நாடெங்கும் பரவியது. பென்சில் துருவியும் வந்துவிட்டது. பட்டறைகள் ஒவ்வொன்றாக மூடின. இன்று அந்தப் பதிவுபெற்ற பெயரில் செய்வது மிக்கியில் நாகாவோ கனேகோமா என்ற ஒரே பட்டறைதான். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனக்கும்.

கேள்வி: சேகரிக்கத் தொடங்குகிறேன். எதைப் பார்த்து வாங்குவது?
- ஒரு வாசகர், நாகர்கோவில்

முதலில் ஒன்றே ஒன்று வாங்கி ஆறு மாதம் புழங்குங்கள். 'ஆவோகாமி', அதாவது நீலத்தாள் எஃகு என்றிருந்தால் நல்லது. எஃகு ஆலையில் ஒட்டும் தாளின் நிறத்தால் வந்த பெயர் அது. எஃகு நீலமாக இருக்காது. கொஞ்சம் டங்ஸ்டனும் குரோமியமும் சேர்ந்திருப்பதால் கூர் நீண்ட நாள் நிற்கும். 'வாரிகோமி' என்றால் கடின எஃகை நடுவில் வைத்து இரு பக்கமும் மென் இரும்பு. தீட்டியபின் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள், இரண்டும் சேரும் கோடு மங்கலாகத் தெரியும்.

அதே வடிவில் மற்றவர்கள் செய்வதையெல்லாம் போலி என்று ஒதுக்காதீர்கள். பெயரைத் திருடி அச்சடித்தால்தான் போலி. திறக்கும்போது தளர்ந்து ஆடினால் ரிவிட்டைச் சின்னச் சுத்தியலால் மெதுவாக இரண்டு தட்டு தட்டுங்கள், சரியாகிவிடும். ஓங்கி அடித்தால் அப்புறம் திறக்கவே திறக்காது.

ஜப்பானுக்கே போய் வாங்கினால், தக்க காரணமில்லாமல் கத்தியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு அங்கே தெருவில் நடக்கக் கூடாது. கடையில் கட்டித் தந்த பொட்டலத்தைப் பிரிக்காமல், கைப்பையில் வைக்காமல், செக்-இன் செய்யும் பெரிய பெட்டியில் வைத்து விமானத்தில் ஏற்றுங்கள்.