தொலைந்த தளம் திரும்ப எத்தனை நாள்?

கேள்வி: சேர்வராயன் மலைச் செடிகொடிகள் பற்றி எங்கள் பெரியப்பா 2002 முதல் ஒரு இணையதளத்தில் தமிழில் எழுதிவந்தார். அவர் காலமான பிறகு யாரும் பணம் கட்டவில்லை, எல்லாம் அழிந்துவிட்டது. இணைய ஆவணத்திலிருந்து மீட்க மூன்று மாதம் ஆகும் என்கிறார் சேலத்தில் ஒருவர். உண்மையா?
- வாசகி, ஏற்காடு

பதில்: என்ன மிச்சமிருக்கிறது என்று பார்க்காமலே சொன்ன கணக்கென்றால் நம்பாதீர்கள். நீங்கள் சொன்ன இணைய ஆவணம், அதாவது பழைய இணையப் பக்கங்களைச் சேர்த்துவைக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் தளத்தின் பழைய முகவரியைப் போடுங்கள், எந்தெந்தத் தேதியில் பிரதி எடுத்திருக்கிறார்கள் என்று காலண்டரே காட்டும். 1996 முதல் சேர்த்துவருகிறார்கள், ஆனால் எல்லாத் தளத்தின் எல்லாப் பக்கமும் அங்கே இருக்காது.

இறக்குவதற்கு இலவச மென்பொருள் உண்டு. சில நூறு பக்கமென்றால் ஒரு நாளுக்குள் முடிந்துவிடும், அவசரப்பட்டு வேகமாக இழுத்தால்தான் கொஞ்ச நேரம் தடுத்து வைப்பார்கள். பிரதியின் முகவரியில் 14 இலக்கத் தேதி எண் இருக்கும், அதன் முடிவில் இடைவெளி விடாமல் ஐ, டி என்ற இரண்டு ஆங்கிலச் சிறிய எழுத்தும் ஓர் அடிக்கோடும் (id_) சேர்த்தால், பக்கத்தின் மேலே ஆர்க்கைவ் ஒட்டும் பட்டை இல்லாமல் பழைய பக்கம் அப்படியே வரும்.

நாள்களை விழுங்குவது அதற்கப்புறம்தான். சின்னப் படம் இருக்கும், அதைத் தட்டினால் வரவேண்டிய பெரிய படம் இருக்காது. தேடல் பெட்டி வேலை செய்யாது, ஏனென்றால் தரவுத்தளத்தை ஆர்க்கைவ் எடுப்பதில்லை, வாசகருக்குத் தெரிந்த பக்கம் மட்டும்தான் கிடைக்கும். அப்புறம் எழுத்துரு. 2002 காலத்துத் தமிழ்ப் பக்கங்கள் பல திஸ்கி, டாப் என்ற பழைய தமிழ் எழுத்துக் குறியீட்டு முறைகளில் இருந்தவை, இன்று திறந்தால் புரியாத ஐரோப்பிய எழுத்துகளாகத் தெரியும். பயந்து அழித்துவிடாதீர்கள்! இன்று எல்லாக் கணினியும் படிக்கும் யூனிகோடு முறைக்கு மாற்றும் கருவி நொடியில் மாற்றிவிடும், ஆனால் ஒவ்வொரு பக்கத்தையும் ஒருவர் உட்கார்ந்து படித்துத் திருத்த வேண்டும், அதுவும் மலையில் புழங்கும் செடிப் பெயர்கள் தெரிந்தவராக. அதைச் சேலத்துக்காரரிடம் விடாமல் வீட்டிலேயே செய்யுங்கள். நூறு பக்கமென்றால் மாலை வேளைகளில் இரண்டு மூன்று வாரத்தில் முடிக்கலாம். எல்லாப் பக்கமும் கிடைத்து, எழுத்துருவும் யூனிகோடாகவே இருந்துவிட்டால் ஒரே வாரம்.

ஆனால் தளத்தின் பெயர் உங்கள் கையில் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். டாட் காம் பெயரென்றால், பதிவை ரத்து செய்த பிறகு 30 நாள் வரை கூடுதல் கட்டணத்தில் மீட்கலாம், அதற்குப் பின் 5 நாளில் பொதுவுக்கு வந்துவிடும், யாரும் வாங்கலாம்.

கேள்வி: எங்கள் கொலுசுக் கடையின் தளம் காணவில்லை. கூகுளில் பழைய பிரதி இருக்குமா?
- வாசகர், செவ்வாய்ப்பேட்டை, சேலம்

பதில்: இருக்காது. அந்த வசதியை 2024-இல் எடுத்துவிட்டு, அவர்களே வேபேக் மெஷினுக்கு வழிகாட்டுகிறார்கள். அதைவிட, தளம் வடிவமைத்தவருக்கு மெயிலில் அனுப்பிய படங்களைத் தேடுங்கள், அதில் கொலுசு மாடல்கள் முழு அளவில் கிடைக்கலாம்.