ரொட்டிக்காரரின் கல்லறை

அன்புள்ள ஐயா,

உங்கள் தளத்தைச் சில ஆண்டுகளாக வாசித்து வருகிறேன். வரும் கோடையில் குடும்பத்துடன் ரோம் செல்கிறோம். கையில் நான்கு நாட்கள். கொலோசியம், ஃபோரம், பாந்தியன், வத்திக்கான் என்று மணிக்கணக்கு போட்டு அட்டவணை தயாரித்துவிட்டேன். மனைவியும் மகனுமோ ஒவ்வொரு வேளையும் அந்த ஊர் உணவகங்களில் நிதானமாக உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்கிறார்கள். சாப்பாடு எங்கும் கிடைக்கும், வரலாறு அங்கே மட்டும்தான் கிடைக்கும் என்பது என் எண்ணம். உடன் வரும் அம்மாவுக்கு எழுபது வயதாகிறது. இடிந்த கற்களைப் பார்க்க அவருக்குப் பொறுமை இருக்குமா என்று தெரியவில்லை. எதை விடலாம், எதை விடக்கூடாது? வழிகாட்டி தேவையா? உண்மையான பண்டைய ரோமானிய உணவு கிடைக்கும் இடம் ஏதேனும் உண்டா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

வழிகாட்டி விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். நல்லவர் அமைந்தால் அமர்த்திக்கொள்ளுங்கள், அமையாவிட்டால் விட்டுவிடுங்கள். அதில் பேச ஒன்றுமில்லை.

பண்டைய நகரங்கள் எப்படிப் பசியாறின என்பதைப் பற்றியே சில வாரங்களாக வாசித்துக்கொண்டிருக்கிறேன். அந்த நேரத்தில் "சாப்பாடு எங்கும் கிடைக்கும், வரலாறு அங்கே மட்டும்தான் கிடைக்கும்" என்று நீங்கள் எழுதியதால் சும்மா இருக்க முடியவில்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள், இது நிறையப் படித்தவர்களுக்கு மட்டுமே வாய்க்கும் மூடத்தனம். அரசன் கட்டியது வரலாறு, குடிமக்கள் தின்றது வெறும் சாப்பாடு என்று பிரித்துவைத்தது யார்? தன் சாதனைகளைத் தானே எழுதிப் பொறிக்கச் செய்த ரோமின் முதல் பேரரசர் அகஸ்டஸ், அரசின் தானியத்தைப் பெற்றுவந்த நகரத்தார் 2 லட்சத்துக்குச் சற்று அதிகம் என்று அந்தப் பட்டியலிலேயே குறித்திருக்கிறார். எகிப்திலிருந்தும் வட ஆப்பிரிக்காவிலிருந்தும் கப்பல் வரத் தாமதமானால் ரோமில் கலவரம் மூளும். கொலோசியம் கி.பி. 80-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டபோது அதில் உட்கார்ந்து ஆர்ப்பரித்த கூட்டம் அந்தக் கப்பல் தானியத்தில் வளர்ந்த கூட்டம்தான்.

நகரின் தென்பகுதியில், டைபர் ஆற்றுக்கு அருகில், டெஸ்டாச்சோ என்ற வட்டாரத்தில் ஒரு குன்று இருக்கிறது. சுமார் 35 மீட்டர் உயரம். புல் முளைத்து, இயற்கையான மேடு போலவே தோன்றும். உண்மையில் அது உடைந்த எண்ணெய்ச் சாடிகளின் குவியல். பெரும்பாலானவை இன்றைய தென் ஸ்பெயினிலிருந்து ஆலிவ் எண்ணெய் சுமந்துவந்த மண்சாடிகள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 70 லிட்டர் கொள்ளும். எண்ணெய் ஊறிய மண்ணில் சிக்கு வாடை ஏறிவிடும், மறுபடி பயன்படுத்த முடியாது. ஆகவே உடைத்து, ஒழுங்காக அடுக்கி, நாற்றம் அடங்கச் சுண்ணாம்பு தூவினார்கள். ஐந்து கோடிக்கும் மேற்பட்ட சாடிகள் அதற்குள் இருக்கக்கூடும் என்று ஒரு கணிப்பு உண்டு. பல ஓடுகளில் எடையும் வணிகர் பெயரும் மையால் எழுதப்பட்டிருக்கின்றன. 1870-களில் ஹைன்ரிஷ் டிரெஸ்ஸல் என்ற ஜெர்மானிய அறிஞர் அவற்றை ஆராயத் தொடங்கிய பிறகுதான் பேரரசின் எண்ணெய் வணிகம் துலங்க ஆரம்பித்தது. வெற்றி வளைவில் பேரரசன் தன்னைப் பற்றி எதை வேண்டுமானாலும் செதுக்கச் சொல்லலாம். குப்பைமேட்டில் யாரும் தற்பெருமை எழுதுவதில்லை. அப்படிப்பட்ட நினைவுச்சின்னம் உங்கள் அட்டவணையில் இல்லை.

அந்தக் குன்றின் அடிவாரத்தைக் குடைந்து பிற்காலத்தில் மது நிலவறைகள் அமைத்தார்கள். ஓடுகளுக்கிடையே காற்று ஊடாடுவதால் உள்ளே குளிர்ச்சி நிற்கும். இன்று அவற்றில் சில உணவகங்களாகிவிட்டன. அப்படியொன்றில் உட்கார்ந்து மாட்டுவால் குழம்பு சாப்பிட்டிருக்கிறேன். மேசையை ஒட்டிக் கண்ணாடித் தடுப்பு. அதற்கு அப்பால் சாடிகளின் தடித்த கைப்பிடிகளும் வளைந்த வயிற்றுத் துண்டுகளும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன. தட்டில் இருந்ததும் அந்த மண்ணின் கதைதான். பக்கத்திலேயே பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கட்டப்பட்ட இறைச்சிக்கூடம் 1975 வரை இயங்கியது. நல்ல கறியெல்லாம் வசதியுள்ளோர் வீட்டுக்குப் போக, வாலும் குடலும் அங்கே உழைத்தவர்களுக்குக் கூலியின் ஒரு பகுதியாகக் கிடைத்தன. அந்த வாலைச் செலரித் தண்டும் தக்காளியும் சேர்த்து, எலும்பிலிருந்து கறி கழன்றுவிழும்வரை வேகவைத்தார்கள். அதைத்தான் இப்போது வெளிநாட்டுக்காரர்கள் முன்பதிவு செய்து வந்து சாப்பிடுகிறோம். இந்தச் சாப்பாடு எங்கும் கிடைக்குமா, சொல்லுங்கள்.

"உண்மையான பண்டைய ரோமானிய உணவு" என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படிப் பலகை மாட்டிய கடையைக் கண்டால் எதிர்த் திசையில் நடந்துவிடுங்கள். சீசர் தக்காளியைக் கண்ணால் கண்டதில்லை. அது அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது, தக்காளிக் குழம்பின் செய்முறை இத்தாலியில் அச்சேறியதே 1690-களில், நேப்பிள்ஸில்தான். எல்லோரும் தேடி அலையும் கார்பனாரா என்ற பாஸ்தா இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பெயர் பெற்றது. கட்டடம் பழையது, அதன் நிழலில் வேகும் உணவு புதியது என்பதில் எந்தக் குறையும் இல்லை. பாந்தியனே கோயிலாக இருந்து தேவாலயமாக மாறியதால்தானே இடிபடாமல் நிற்கிறது?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அகஸ்டஸ் தன் சகோதரி பெயரில் எழுப்பிய ஆக்டேவியா மண்டபத்தின் இடிபாடுகளில் நெடுங்காலம் மீன் சந்தை நடந்தது. அங்கே மீனின் உருவம் செதுக்கிய ஒரு சலவைக்கல் பலகை இருக்கிறது. இந்தக் கல்லைவிட நீளமான மீனாக இருந்தால், அதன் தலையை முதல் துடுப்புவரை வெட்டி நகர அதிகாரிகளிடம் கொடுத்துவிட வேண்டும் என்று லத்தீனில் ஆணை. சூப்புக்கு ஏற்ற கொழுத்த பாகம் எது என்று அந்த அதிகாரிகளுக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது! அதை ஒட்டிய தெருக்களில்தான் 1555 முதல் யூதர்களை மதிலுக்குள் அடைத்துவைத்தார்கள். அங்கே ஆர்ட்டிசோக் என்ற, இதழ் இதழாக இருக்கும் காயை முழுதாக எண்ணெயில் பொரித்து, இதழ்கள் மொறுமொறுவென்று விரியும் பக்குவத்தில் தருவார்கள். குடலும் வாலும் வேண்டாதவர்கள் அதைச் சாப்பிடலாம்.

இனி உங்கள் அம்மா. அவருக்குப் பொறுமை இருக்காது என்று நீங்களாக முடிவு கட்டியிருப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. போர்த்தா மஜ்ஜோரே என்ற பழைய வாயிலுக்கு வெளியே எவ்ரிசாசெஸ் என்ற ரொட்டிக்காரரின் கல்லறை நிற்கிறது. அரசுக்கு ரொட்டி ஒப்பந்தம் எடுத்துச் சம்பாதித்தவர்; பெரும்பாலும் விடுதலை பெற்ற அடிமையாக இருந்திருப்பார் என்கிறார்கள். பிற்காலக் கோபுரம் ஒன்றுக்குள் புதைந்துகிடந்த கல்லறை, 1838-இல் அதை இடித்தபோது வெளிப்பட்டது. உச்சியில் ஓடும் சிற்ப வரிசையில் கழுதை திரிகை சுற்றுகிறது, மாவு சலிக்கிறார்கள், பிசைகிறார்கள், உருட்டுகிறார்கள், அடுப்பில் வைக்கிறார்கள், எடை போடுகிறார்கள். வாழ்நாள் முழுவதும் சமைத்த ஒருவருக்கு அதை யாரும் விளக்க வேண்டியதில்லை. நீங்கள் பயணக் கையேட்டைப் புரட்டுவதற்குள் அவர் பார்த்து முடித்திருப்பார். அருகில் கிடைத்த கல்வெட்டில் ஒரு கணவர், மிக நல்ல பெண்மணியான தன் மனைவி அதிஸ்தியாவின் எச்சங்கள் "இந்த ரொட்டிக் கூடையில்" இருப்பதாக எழுதியிருக்கிறார். அதை அம்மாவுக்குப் படித்துக்காட்டுங்கள்.

அங்கே நுழைவுச்சீட்டு கிடையாது, வெளியே நின்றே பார்க்கலாம். டிராம்கள் குறுக்கும் நெடுக்கும் போகும் சந்திப்பு என்பதால் அம்மாவின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். அட்டவணையில் இடமில்லையென்றால் ஃபோரத்தில் ஒரு மணி நேரத்தைக் குறையுங்கள். டெஸ்டாச்சோ குன்றின் மேல் ஏற முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். அடிவாரத்தில் சாப்பிட, மேசைக்குச் சொல்லிவைத்தால் போதும்.