இறக்கத்தில் ஆட்டோமேட்டிக் கார்: பிரேக்கா, கியரா?

கோடை சீசன் முடிந்த கையோடு எனக்கு வரும் கேள்விகளில் பாதி மலை வாசனையோடு வரும். யூகலிப்டஸ் வாசனை இல்லை, கருகிய பிரேக் பேட் வாசனை. மேட்டுப்பாளையத்தில் ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவனுக்கு அது பழகிப் போன ஒன்று. இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஆட்டோமேட்டிக் கார் பற்றியவை.

ஊட்டியிலிருந்து கோத்தகிரி வழியாக இறங்கினோம். சிவிடி கார் (தனித்தனி கியர் இல்லாத ஆட்டோமேட்டிக்), ஐந்து பேர், லக்கேஜ். முழுக்க டி-யிலேயே (டிரைவ்) வந்தேன். கடைசிப் பத்துக் கிலோமீட்டரில் பிரேக் பெடல் மெத்தென்று உள்ளே போனது. பயந்துவிட்டேன். மறுநாள் காட்டினால் ‘பேட் நன்றாகத்தான் இருக்கிறது’ என்கிறார்கள். அப்படியானால் என்னதான் கோளாறு? (திருப்பூர்)

கோளாறு பேட்டில் இல்லை, பிரேக் ஆயிலில். அதற்கு முன் ஒரு சின்னக் கணக்கு.

ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. எங்கள் ஊர் முன்னூற்றுச் சொச்சம். அதாவது ஏறத்தாழ 1,900 மீட்டர் கீழே வருகிறீர்கள். ஆட்களோடும் பெட்டிகளோடும் வண்டி 1,500 கிலோ என்று வையுங்கள். அந்த எடையை அவ்வளவு தூரம் கீழே இறக்கும்போது வெளிப்படும் ஆற்றல், கரண்ட் பில் கணக்கில் சொன்னால், ஏழு யூனிட்டுக்கு மேல். 2,000 வாட் கீசரை நாலு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஓடவிட்டால் வரும் சூடு அது. காற்றும் டயர் உராய்வும் அதில் ஒரு பங்கைத் தின்றுவிடும். மீதி எங்கே போக வேண்டும் என்பதை முடிவு செய்வது உங்கள் கால். ஒன்று, கீழ் கியரில் இறங்கினால், இன்ஜின் வழியாகப் போகலாம். இல்லாவிட்டால் உள்ளங்கை அகலமுள்ள சில பேட்களின் தலையில் விடியும்.

நீங்கள் எல்லாவற்றையும் பேட் மேல் போட்டுவிட்டீர்கள். அந்தச் சூடு காலிப்பர் (சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கைப் பேட்டால் கவ்வும் பாகம்) வழியாக ஆயிலுக்கு ஏறும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சும் குணமுடையது. டாட் 3 என்ற தர வகை ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு அதன் தர அளவே 140 டிகிரிதான். டாட் 4 என்றால் 230-ம் 155-ம். கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழ். திரவம் அழுத்தத்தை அப்படியே கடத்தும், குமிழ் நசுங்கும். உங்கள் பெடல் மெத்தென்று போனது அதனால்தான். மறுநாள் குமிழெல்லாம் ஆறி அடங்கியிருக்கும், பெடலும் கல்லு மாதிரி நிற்கும், யார் பார்த்தாலும் ‘நன்றாக இருக்கிறது’ என்றுதான் சொல்வார்கள்.

ஆயில் மாற்றி எத்தனை வருடம் ஆயிற்று என்று சர்வீஸ் புத்தகத்தைப் பாருங்கள். இரண்டு வருடத்துக்கு மேல் என்றால் உடனே மாற்றுங்கள். சக்கரத்தைக் கழற்றி டிஸ்க்கையும் பார்க்கச் சொல்லுங்கள். நீலம் பாரித்திருந்தால் மிகையாகச் சுட்டிருக்கிறது. பேட்டின் மேல்பக்கம் கண்ணாடி மாதிரி மினுங்கினால், கனம் மிச்சமிருந்தாலும் மாற்றிவிடுவது நல்லது.

இன்னொன்று. பெடல் கெட்டியாக இருந்து, மிதித்தாலும் வண்டி நிற்க மறுத்தால் அது வேறு கதை. அப்போது பேட் சூடாகிப் பிடிமானத்தை இழந்திருக்கிறது என்று அர்த்தம்.

கியரில் இறங்கு என்கிறீர்கள். ஆட்டோமேட்டிக்கில் கியர் எங்கே இருக்கிறது? டி போட்டால் அதுவே பார்த்துக்கொள்ளும் என்றுதானே விற்றார்கள்? (சேலம்)

ஏற்றத்தில் பார்த்துக்கொள்ளும். இறக்கத்தில் நீங்கள் ஆக்சிலரேட்டரை விட்டதும், ‘இவருக்குச் சக்தி தேவையில்லை போல’ என்று பல வண்டிகள் மேல் கியருக்குத் தாவிவிடும். மேல் கியரில் இன்ஜின் வண்டியைப் பிடிக்காது, உருளவிடும். அதனால்தான் லிவரில் டி-க்குப் பக்கத்தில் வேறு எழுத்துகளும் வைத்திருக்கிறார்கள். ஏற்காட்டின் இருபது கொண்டை ஊசி வளைவுகளுக்குக் கீழேயே இருந்துகொண்டு அந்த எழுத்துகளைத் தொடாமல் இருக்கிறீர்களே!

வண்டிக்கு வண்டி மாறும். ஏஎம்டி என்றால் (மாருதியில் ஏஜிஎஸ் என்பார்கள், 2014-ல் செலேரியோவில் வந்தது) லிவரை மேனுவல் பக்கம் தள்ளி, மைனஸ் தட்டி இரண்டாவதற்கோ முதலாவதற்கோ கொண்டுவாருங்கள். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. ஏஎம்டி-யில் இருப்பது சாதாரண கிளட்ச்தான், அதை மிதிப்பது மட்டும் மெஷின். வேகம் மிகவும் குறைந்ததும் இன்ஜின் அணைந்துவிடாமல் இருக்க அது கிளட்ச்சை எடுத்துவிடும். அந்த நொடியில் இன்ஜின் பிடி போய் வண்டி சட்டென்று நழுவுவது போல இருக்கும். வளைவில் ஊர்ந்து திரும்பும்போது கால் பிரேக் மேல் தயாராக இருக்கட்டும்.

சிவிடி-யில் தனித்தனி கியர் இல்லை. எல் அல்லது எஸ் போட்டால் இன்ஜின் சுழற்சி ஏறி வண்டியைப் பிடிக்கும். செங்குத்தான இடத்துக்கு எல், மற்ற இடத்துக்கு எஸ். டார்க் கன்வெர்ட்டர், டிசிடி என்ற மற்ற இரண்டு ஆட்டோமேட்டிக் வகைகளுக்கும் மேனுவல் முறையோ, ஸ்டியரிங் பின்னால் கியர் மாற்றும் பேடில் சுவிட்சோ இருக்கும். சில வண்டிகள் சரிவை உணர்ந்து, பிரேக்கைத் தொட்டதும் தாமாகவே ஒரு கியர் குறைக்கும். நல்ல பழக்கம்தான், ஆனால் அதை மட்டும் நம்பி கொல்லிமலையின் எழுபது வளைவுகளில் இறங்காதீர்கள். டொயோட்டா ஹைப்ரிட் பலவற்றில் பி என்று ஓர் எழுத்து இருக்கும். பார்க்கிங் இல்லை, இது பிரேக்கிங். இறக்கத்துக்கென்றே வைத்தது.

எந்த கியர் என்று எப்படித் தெரிவது? ‘ஏறின கியரிலேயே இறங்கு’ என்பது பழைய லாரிக்காரர்கள் சொல். ஆட்டோமேட்டிக் ஓட்டுபவருக்கு எந்த கியரில் ஏறினோம் என்பதே தெரியாதே! அதனால் இப்படிச் செய்யுங்கள்: நேரான இறக்கத்தில் இரண்டு பெடலிலிருந்தும் காலை எடுத்து, பிரேக்குக்கு மேலே வைத்துக்கொண்டு மூன்று நான்கு விநாடி கவனியுங்கள். வேகம் ஒரே சீராக நின்றால் சரியான கியர். ஏறிக்கொண்டே போனால் பிரேக் பிடித்து வேகத்தைக் குறைத்து, இன்னும் ஒன்று கீழே. ஆக்சிலரேட்டர் கொடுக்க வேண்டியிருந்தால் ஒன்று மேலே. இதை வளைவுக்கு முன்பே முடித்துவிட வேண்டும். மழையில், வளைவுக்கு நடுவில் திடீரென்று கியர் குறைத்தால் முன் சக்கரம் வழுக்கலாம்.

எல் போட்டதும் இன்ஜின் அலறுகிறது. 3,500 ஆர்பிஎம் காட்டுகிறது. இன்ஜினுக்குக் கேடு வராதா? பிரேக் பேட் இன்ஜினை விட மலிவுதானே? (மதுரை)

பெட்ரோல் இன்ஜினில் சிவப்புக் கோடு ஆறாயிரத்துக்குப் பக்கத்தில் தொடங்கும். 3,500 அதற்கு ஒரு நடைப்பயிற்சி. சத்தம் கேட்டு மிரள வேண்டாம். அளவுக்கு மீறிய வேகத்தில் நீங்கள் மைனஸ் தட்டினால் இன்றைய கியர்பாக்ஸ்கள் பொதுவாக மறுத்துவிடும். டீசலில் சிவப்புக் கோடு கீழேயே இருக்கும், மூவாயிரத்தை ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

பேட் மலிவு என்பது உண்மை. நடுவழியில் பிரேக் இல்லாமல் போவதுதான் மலிவில்லை.

இறக்கத்தில் நியூட்ரல் போட்டால் பெட்ரோல் மிச்சமாகும் என்று என் சித்தப்பா சொல்கிறார். முப்பது வருடம் வண்டி ஓட்டியவர். (ஈரோடு)

சித்தப்பா ஓட்டிய கார்புரேட்டர் வண்டிக்கு அது ஓரளவு உண்மை. இன்று உங்கள் வண்டியில் இன்ஜெக்டர். கியரில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரை விட்டால், சுழற்சி ஓர் அளவுக்கு மேல் இருக்கும் வரை, பெட்ரோலையே நிறுத்திவிடும். சக்கரம்தான் இன்ஜினைச் சுற்றுகிறது. நியூட்ரலில்தான் இன்ஜின் அணையாமல் இருக்கப் பெட்ரோல் குடிக்க வேண்டும். ஆக, மிச்சம் பிடிக்கிறேன் என்று செலவு செய்கிறார்.

இன்ஜினையே அணைத்துவிட்டு இறங்குபவர்களும் உண்டு. நானே இருபத்திரண்டு வயதில் ஒரு பழைய வேனில் அதைச் செய்திருக்கிறேன். முதல் இரண்டு மிதிக்குப் பிரேக் பிடித்தது. மூன்றாவது மிதியில் பெடல் மரக்கட்டை. பிரேக்குக்குத் துணை செய்யும் வெற்றிடம் இன்ஜின் ஓடினால்தான் நிரம்பும் என்று பாடம் படித்திருந்தேன், ஆனால் கால் படித்தது அன்றைக்குத்தான். இரண்டு காலாலும் மிதித்து மண்மேட்டில் ஏற்றி நிறுத்தினேன். இன்றைய வண்டியில் பவர் ஸ்டியரிங்கும் சேர்ந்து கனத்துவிடும். சித்தப்பாவிடம் மரியாதையாகவே சொல்லுங்கள்.

கியரில் இறங்கினாலும் பிரேக் தேவைப்படுகிறதே. லேசாக மிதித்தபடியே வருவது நல்லதா, விட்டு விட்டு மிதிப்பதா? (கோவை)

விட்டு விட்டு. 40-க்கு மேல் போகிறதா, உறுதியாக மிதித்து 30-க்குக் கொண்டுவந்து, முழுசாக விடுங்கள். விட்ட நேரத்தில் டிஸ்க்குக்குக் காற்று படும். லேசாக அழுத்தியே வைத்தால் டிஸ்க் ஆறவே ஆறாது. காலுக்கு மெத்தையாக இருக்கட்டும் என்று இடது காலைப் பிரேக் மேல் வைப்பவர்களைச் சொல்லவே வேண்டாம், ஆட்டோமேட்டிக்கில் இடது காலுக்கு வேலையே இல்லை.

நீலகிரி மலை ரயிலைப் பாருங்கள். கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவே பன்னிரண்டு அடிக்கு ஓர் அடி சரிவு. தண்டவாளத்தின் நடுவே பல்சக்கரம் பிடிக்கிறது, பெட்டிக்குப் பெட்டி பிரேக்மேன் வேறு. அவர்களே ஒரே பிரேக்கை நம்புவதில்லை.

இன்ஜின் பிரேக்கிங்கில் பின்னால் சிவப்பு விளக்கு எரியுமா? (திண்டுக்கல்)

சாதாரண காரில் எரியாது. பின்னால் யாராவது ஒட்டிக்கொண்டு வந்தால், கியர் குறைக்கும் முன் பிரேக்கை லேசாகத் தொட்டுக் காட்டுங்கள்.

மின்சாரக் காரில் இதெல்லாம் தேவையா? (சென்னை)

மின்சாரக் காரில் மோட்டாரே அந்த வேலையைச் செய்து, பேட்டரிக்கும் கொஞ்சம் திருப்பித் தரும். இதற்குப் பெயர் ரீஜென், அதன் அளவைக் கூட்டி வைத்தால் போதும். ஆனால் மேலே ஓட்டலில் ராத்திரி நூறு சதவீதம் சார்ஜ் போட்டுவிட்டுக் காலையில் இறங்காதீர்கள். நிரம்பிய குடத்தில் எங்கே ஊற்றுவது? ரீஜென் குறைந்துவிடும், பழையபடி பேட் தலையில்தான் வேலை. எண்பது, எண்பத்தைந்தில் நிறுத்துங்கள்.

சக்கரத்திலிருந்து புகை வந்தால் தண்ணீர் ஊற்றலாமா? பக்கத்தில் நின்ற வண்டிக்காரர் இரண்டு பாட்டில் ஊற்றினார். (கரூர்)

ஊற்றக்கூடாது. அவ்வளவு சூட்டில் பச்சைத் தண்ணீர் பட்டால் டிஸ்க் வளையலாம், விரிசலும் விடலாம். அப்புறம் பிரேக் மிதிக்கும்போதெல்லாம் ஸ்டியரிங் நடுங்கும். அந்த வண்டிக்காரர் சீக்கிரமே எங்காவது ஒர்க்‌ஷாப்புக்கு வருவார்.

சமமான, அகலமான இடம் பார்த்து ஒதுங்குங்கள். லிவரைப் பார்க்கிங்கில் போட்டு, சக்கரத்துக்கு ஒரு கல் வையுங்கள். ஹேண்ட்பிரேக்கை இழுத்துச் சூடான லைனிங்கை டிரம்மில் ஒட்டவைக்க வேண்டாம். அரை மணி நேரமாவது ஆறட்டும். கிளம்பும் முன் பெடலை நாலு முறை மிதித்துப் பாருங்கள், கெட்டியாக இல்லையென்றால் அங்கிருந்தே ஆள் வரவழையுங்கள். குன்னூர் பாதையில் வருபவர்கள் பர்லியாரில் நிறுத்தலாம். மங்குஸ்தான் சீசனாக இருந்தால் அரை மணி போவதே தெரியாது.