விமானம் தாங்கிக் கப்பல் ஏன் தனியாகப் போவதில்லை?

‘முப்பது விமானம் சுமக்கும் கப்பலுக்கு எதற்கு இத்தனை கப்பல் துணை?’ என்று கேட்டிருக்கிறீர்கள். நான் கடற்படைக்காரன் இல்லை. கடலூர் முதுநகரில் விசைப்படகு வைத்திருந்த வீட்டுப் பிள்ளை, அவ்வளவுதான்.

காவல் என்பது பாதிப் பதில். நம் கடற்படையின் விமானம் தாங்கிக் கப்பலான இப்போதைய விக்ராந்த் 262 மீட்டர் நீளம் இருந்தாலும், அதன் முதல் வேலை விமானத்தை ஏற்றி இறக்குவதுதான். வானத்தைப் பார்த்துக்கொள்ள நாசகாரிக் கப்பல்கள் வேண்டும். தண்ணீருக்கு அடியைப் பார்த்துக்கொள்ள ஃபிரிகேட்டுகளும் (நாசகாரியைவிடச் சற்றுச் சிறிய போர்க்கப்பல்கள்) ஹெலிகாப்டர்களும் வேண்டும். 1971இல் பழைய விக்ராந்தைத் தேடித்தான் பாகிஸ்தானின் ‘காஸி’ (Ghazi) என்ற நீர்மூழ்கிக் கப்பல் வங்கக் கடல் வரை வந்தது. விசாகப்பட்டினத்துக்கு வெளியே மூழ்கிப்போனது.

மீதிப் பாதி எண்ணெய்க் கப்பல். அதை யாரும் ஆசையாகப் படம் எடுத்துப் போடுவதில்லை. நம்மிடம் ஐஎன்எஸ் தீபக், ஐஎன்எஸ் சக்தி என்று இருக்கின்றன. விக்ராந்த் ஓடுவது நான்கு கேஸ் டர்பைன்களில், அதாவது எண்ணெயை எரித்துச் சுழலும் எந்திரங்களில். அவை குடிக்கிற குடி கொஞ்சமா? அணுசக்தியில் ஓடும் அமெரிக்கக் கப்பல்கூட, மேலே நிற்கும் விமானங்களுக்கு எரிபொருள் வாங்கித்தான் ஆகவேண்டும்.

அதையும் நின்று வாங்குவதில்லை, ஓடிக்கொண்டே வாங்குவார்கள். இரண்டு கப்பலும் சில பத்து மீட்டர் இடைவெளியில் ஒரே வேகத்தில் போகும். முதலில் மெல்லிய கயிறு, அதன் பின்னால் கம்பி வடம், வடத்தில் தொங்கியபடி குழாய். நடுவில் நெருக்குப்படும் தண்ணீர் வேகமெடுக்க, அங்கே அழுத்தம் குறைந்து கப்பல்கள் ஒன்றை நோக்கி ஒன்று சரியப் பார்க்கும்.

ஒருமுறை கடலில் டீசல் தீரப்போய், பக்கத்துப் படகில் கேன் வாங்கினோம். அலை இருந்ததால் இன்ஜினை அணைக்காமலே சித்தப்பா ஒட்டிக்கொண்டு போனார். “சுக்கான வுட்றாதடா, தானா இழுக்கும்” என்று அவர் கத்தியது இன்னும் காதில் இருக்கிறது. கேன் கைக்கு வந்தது. பக்கப் பலகையில் ஒரு முழத்துக்கு விரிசலும் வந்தது.

அப்புறம், கடலில் கையிருப்பு தீர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு எங்கள் ஊர்க் கடலிலேயே ஒரு பழைய சாட்சி உண்டு. 1783 ஜூன் 20, கடலூருக்கு எதிரே சண்டை. பிரெஞ்சுத் தளபதி சஃப்ரனிடம் 15 போர்க்கப்பல், ஆங்கிலேயர் ஹியூஸிடம் 18. ஆனால் ஹியூஸின் கப்பல்களில் குடிதண்ணீர் தீர்ந்துகொண்டிருந்தது. வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வி நோயில் ஆட்கள் படுத்துக்கிடந்தார்கள். சண்டைக்குப் பிறகு அவர் சென்னைக்குத் திரும்பிவிட்டார், சஃப்ரன் கடலூரில் ஆட்களை இறக்கினார். சில நாளிலேயே ஐரோப்பாவில் சமாதானமாகிவிட்ட சேதி வந்து சேர்ந்தது, அது வேறு கதை.