முழுப் பேச்சு எங்கே?

அன்புள்ள ஐயா,

எங்கள் தெரு டீக்கடையில் முன்பெல்லாம் எல்லாக் கட்சிக்காரர்களும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் படித்தார்கள். இப்போது என் போனில் என் கட்சி வீடியோதான் வருகிறது, மச்சான் போனில் அவர் கட்சி வீடியோ. அல்காரிதம் மாற்றுக் கருத்தையே மறைத்துவிட்டதா?

ச., தண்டையார்பேட்டை

அன்புள்ள ச.,

உங்கள் மைத்துனரின் தலைவர் உங்கள் போனில் வருவதே இல்லையா? நிச்சயம் வருவார். உளறிய இடத்தை மட்டும் பதினைந்து நொடிக்கு வெட்டி, வடிவேலு முகத்தை ஒட்டி அனுப்பியிருப்பார்கள். வெட்டியவர் உங்கள் கட்சிக்காரர்.

2015இல் ஃபேஸ்புக் ஆய்வாளர்கள் அமெரிக்கப் பயனர்கள் ஒரு கோடிப் பேரை வைத்து சயின்ஸ் இதழில் எழுதினார்கள்: அல்காரிதம் மறுதரப்புச் செய்தியைக் கொஞ்சம் குறைக்கிறது, கண்ணெதிரே வந்ததையும் தொடாமல் கடந்துபோவது மனிதர்கள்தான். (தன் கடைச் சரக்கைத் தானே எடைபோட்ட கணக்கு என்பதையும் மறக்க வேண்டாம்.)

டீக்கடை பெஞ்சை நான் அவ்வளவு நம்பமாட்டேன். நம் பக்கம் படிப்பகங்களே கட்சிவாரியாகத்தான் இருந்தன. முரசொலி கிடக்கும் இடத்தில் தீக்கதிரைத் தேட முடியாது. அப்புறம் டிவியும் அப்படியே ஆனது: 1999இல் ஜெயா டிவி, 2007இல் கலைஞர் டிவி.

பிடிக்காதவர் பேச்சை நம்மைக் கேட்கவைத்தது பொதுக்கூட்டம். 1949 செப்டம்பரில் ராயபுரம் ராபின்சன் பூங்காவில், கொட்டும் மழையில் ஒரு கட்சியே தொடங்கிய பகுதி இது. முச்சந்தியில் மேடை போட்டு, கரண்ட் கம்பத்தில் கூம்பு ஸ்பீக்கரைக் கட்டிவிட்டால் வீட்டுக்குள் சோறு தின்றுகொண்டே ஒன்றரை மணி நேரம் கேட்டாக வேண்டும். திட்டுகளுக்கு நடுவே, தண்ணி லாரி வராததைப் பற்றி அவர் சரியாகச் சொன்னதும் காதில் விழும். மறுநாள் அந்தக் கூட்டத்துக்குக் கொடி கட்டியவர் குழாயடியில் உங்களுக்குப் பின்னால் நிற்பார். அவரை எவ்வளவு திட்டலாம் என்பதற்கு ஓர் அளவு இருந்தது.

அதற்காக எதிர்க்கட்சிப் பக்கங்களை ஃபாலோ செய்யுங்கள் என்று சொல்லமாட்டேன். அமெரிக்கச் சமூகவியலாளர் கிறிஸ் பெய்ல் குழு 2018இல் வெளியிட்ட ஆய்வில், ட்விட்டரில் எதிர்த்தரப்புப் பதிவுகளை ஒரு மாதம் பார்க்க ஆட்களுக்குக் காசு கொடுத்தார்கள். குடியரசுக் கட்சியினர் முன்பைவிட இறுகிப்போனதுதான் மிச்சம்.

மைத்துனரிடமே கேளுங்கள்: அவர் கட்சிப் பேச்சில் அவருக்கு ரொம்பப் பிடித்தது எது என்று. யூடியூபில் முழுசாகவே கிடக்கும். முதல் இருபது நிமிடம் சால்வை, மாலை, ‘அவர்களே அவர்களே’யில் போய்விடும். அதைத் தாராளமாகத் தள்ளிவிடலாம்.