டார்வின் எழுதின லெட்டர்ஸ் எல்லாம் வெறும் சயின்ஸா, இல்ல பர்சனல் விஷயமும் இருக்கா?

ரெண்டும் கலந்துதான் இருக்கும், பிரிக்கவே முடியாது. அவர் எழுதினது, அவருக்கு வந்ததுன்னு சுமார் 15,000 லெட்டர் கிடைச்சிருக்கு. உடம்பு சரியில்லாம இங்கிலாந்து கென்ட்ல டவுன் (Downe)ங்கிற கிராமத்து வீட்டைவிட்டு அதிகம் நகராத மனுஷன், அதனால தபால்தான் அவருக்கு லேப், லைப்ரரி எல்லாமே. 1856ல மெட்ராஸ்ல இருந்த பிரிட்டிஷ் அதிகாரி வால்டர் எலியட்டுக்கு எழுதி புறா, கோழித் தோல் அனுப்பச் சொல்லிருக்கார், நம்ம ஊர் புறா அப்படித்தான் அவர் ஆராய்ச்சிக்குள்ள போச்சு!

1844ல தாவரவியல் நண்பர் ஹூக்கருக்கு, உயிரினங்கள் மாறாம இருக்கிறதில்லைன்னு சொல்றது கொலைய ஒத்துக்கிற மாதிரி இருக்குன்னு எழுதினார்.

எனக்கு ரொம்ப கஷ்டமா இருக்கிறது 1858 ஜூன் லெட்டர்ஸ்தான். டார்வின் யோசிச்சு வச்சிருந்த இயற்கைத் தேர்வு தியரியையே வாலஸ்ங்கிற இன்னொரு இயற்கை ஆய்வாளரும் எழுதி அவருக்கு அனுப்பிட்டார், அதே சமயம் வீட்ல ஒன்றரை வயசு பையன் ஸ்கார்லெட் ஃபீவர்ல 28ம் தேதி இறந்துட்டான், மறுநாளே ஹூக்கர் பேப்பர்ஸ் உடனே வேணும்னு கேக்க, என்னால ஒண்ணும் முடியலன்னு எழுதிட்டு வாலஸ் கட்டுரையையும், தான் முன்னாடி அமெரிக்க தாவரவியலாளர் ஆசா கிரேக்கு எழுதின லெட்டரோட சுருக்கத்தையும் வேலைக்காரர்கிட்ட கொடுத்து ஹூக்கர் வேலை பார்த்த லண்டன் க்யூ தாவரத் தோட்டத்துக்கு அனுப்பினார். ஜூலை 1 லண்டன்ல லின்னியன் சொசைட்டிங்கிற அறிவியல் சங்கத்துல அதையெல்லாம் வாசிச்சாங்க, டார்வின் போகல.